அடிக்குறிப்பில் என் அப்பா

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். எண்ணெய் வழியும் இரட்டைச் சடை. கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஆசிரியர் பெயரையும் பதிப்பையும் எழுதிக்கொண்ட பிறகுதான் படிக்கவே ஆரம்பிப்பாள். பார்த்தாலே எரிச்சல் வரும்.

கரும்புச் சாகுபடி பற்றி எல்லோரும் கட்டுரை கொடுத்தோம். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய என் கட்டுரையை மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளுடையதை வகுப்பில் காட்டினார். அடிக்குறிப்பில் என் அப்பாவின் பெயர்: 'கரும்பு விவசாயி, காட்டேரிக்குப்பம், நேர்காணல்.'

"எங்கப்பாவ எதுக்குடி போட்ட?"

"கரும்புக் கொல்லைக்கே போயி கேட்டேன், சொன்னாரு. யாரு சொன்னாங்கன்னு போட வேணாமா? உன்னாண்ட சொன்னதில்லியா?"

வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எம் பேரப் போட்டுச்சா? அந்தப் பொண்ண ஒருநாள் சாப்புட இட்டாம்மா."

இன்றுவரை நான் கூப்பிடவில்லை. அப்பா கேட்பதையும் நிறுத்தவில்லை.