‘பிகாஸ்’ எந்தப் பக்கம் சேரும்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற திமிர் ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. என்ன பெரிய புடலங்காய் ஆங்கிலம்! கண்ணமங்கலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் தேறினேன். வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் தடிமனான இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி, அட்டை கிழியும்வரை படித்தேன். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மலைக்காரர்களிடம் புளியும் சாமையும் வாங்கிக் கீழே அனுப்புகிற சின்ன அலுவலகம். மேலாளர், கிடங்குப் பொறுப்பாளர், ஒரு பியூன், நான் என்று நாலே பேர்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் அரைகுறை வாக்கியங்களைப் பற்றியது. ‘பிகாஸ்’, ‘வென்’, ‘இஃப்’ என்று தொடங்கிவிட்டு நடுவழியில் முற்றுப்புள்ளி வைத்தால் அது வாக்கியமே இல்லை, வெறும் துண்டு. துண்டைத் தனியே விடக்கூடாது, பக்கத்து வாக்கியத்தோடு சேர்த்துவிட வேண்டும். புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளில் ‘பிகாஸ்’ துண்டுகள் எல்லாமே தமக்கு முந்தைய வாக்கியத்தோடுதான் சேர்ந்திருந்தன. நம் ஆட்களிடம் இந்தத் தப்பு ஏராளம். தமிழில் ‘இது என் வீடு’ என்றால் முடிந்தது, வினையே தேவையில்லை. ‘மழை பெய்ததால்’ என்று பாதியில் நிறுத்தினாலும் கேட்கிறவனுக்கு விளங்கிவிடும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தையும் எழுதுவார்கள்.

எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் பென்சிலோடு உட்கார்ந்து துண்டு தேடுவேன். போஸ்ட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக்கூட விட்டதில்லை. நான் வருவதைப் பார்த்தாலே பியூன் கையிலிருப்பதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஆனால் மேலாளர் எழுதுகிற ஆங்கிலக் குறிப்புகள் முழுக்கத் துண்டுகள்தான், அவற்றில் மட்டும் நான் பென்சில் வைத்ததே இல்லை. மேலே இருப்பவர் எழுதினால் அது சுருக்கம், கீழே இருப்பவர் எழுதினால் பிழை. அந்த விவரமெல்லாம் எனக்கு நன்றாகவே இருந்தது.

கிடங்குப் பொறுப்பாளர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அவர் என்னை ‘சார்’ என்பார், நான் அவரை ‘நீ’ என்பேன். அப்போது அது உறுத்தவே இல்லை. அவருடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தை பிறந்தால் ஆர்டர் வந்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அன்றைக்கு மேலாளர் அவரைக் கூப்பிட்டு, மாதிரிப் புளிப் பொட்டலங்களை மூன்று மணி பஸ்ஸில் போளூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் இவர் கிடங்குக் கதவுக்குத் தாழ்ப்பாளை மட்டும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பூட்ட மறந்துவிட்டார். ராத்திரி அடித்த காற்றில் கதவு திறந்து, சாரலில் புளி மூட்டைகள் நனைந்து நாசமாகிவிட்டன. கீழே தலைமை அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. நேரத்துக்கு முன்னால் ஏன் போனாய், கதவை ஏன் பூட்டவில்லை என்று இரண்டு கேள்விகள். மேலாளர் அப்போது அவர்மேல் கோபமாக இல்லை. தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடு, எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் சொன்னார்.

தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். மெமோ ஆங்கிலத்தில் வந்ததால் பதிலும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் மதிப்பு என்று இவர் நினைத்துவிட்டார். இரண்டு நாள் கஷ்டப்பட்டு எழுதி, டைப் அடிக்க என்னிடம் கொண்டுவந்தார். “துண்டு இன்னா இருக்குதுன்னு நீங்களே பாத்துடுங்க சார்” என்று சிரித்தார்.

துண்டு இருந்தது. முதல் வாக்கியம், நான் கதவைப் பூட்டவில்லை. அடுத்தது, ‘பிகாஸ் மேனேஜர் டோல்ட்’, அதோடு ஒரு முற்றுப்புள்ளி. மூன்றாவது, நான் மூன்று மணி பஸ்ஸில் போனேன். எனக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. புத்தகம் சொன்னபடி முற்றுப்புள்ளியை அடித்து, துண்டை முன்னால் இருந்த வாக்கியத்தோடு சேர்த்தேன். அந்த ‘டோல்ட்’ மொட்டையாக நிற்கிறதே என்று ‘மீ’யையும் போட்டேன். டைப் அடித்து, ஆங்கிலத்தில் கடகடவென்று படித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். மெமோவுக்கான பதிலில் நான் கை வைத்தேன் என்று தெரிந்தால் எனக்குத்தான் தலைவலி, யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லி வைத்தேன். நீ என்னய்யா சொல்ல வந்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. பாவி.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். வாக்குமூலத்தை டைப் அடிக்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். மேலாளர் சொன்னதால்தான் கதவைப் பூட்டவில்லை என்கிறாய், மூன்று மணி பஸ்ஸில் நீயாகவே போயிருக்கிறாய், அப்படித்தானே என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ‘பிகாஸ்’ என்றால் ‘ஏனென்றால்’ என்றுதான் படித்தோம். ‘ஏனென்றால்’ முன்னால் சொன்னதற்குக் காரணம் சொல்லும். ஆனால் அவர் எழுதும்போது மனசில் ஓடியது ‘சொன்னதால்’. தமிழில் அது பின்னால் வருவதோடுதான் சேரும். கதவைப் பூட்டவில்லை. மேலாளர் சொன்னதால் மூன்று மணி பஸ்ஸில் போனேன். அவர் எழுதியது இவ்வளவுதான். இரண்டு கேள்விக்கும் நேர்மையான பதில். நான் அதை மேலதிகாரி மீது பழி போடுகிற பொய்யாக மாற்றி வைத்திருந்தேன்.

மேலாளர் கொதித்துப்போயிருந்தார். கிடங்கைத் திறந்துபோட நான் சொன்னேனா என்று கத்தினார். கோபத்தில், பஸ்ஸில் போகவும் தான் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். அதிகாரி இவரிடம் திரும்பி, இந்தக் கடிதத்தை நீதானே எழுதினாய் என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். அவர் கையால் எழுதிய காகிதம் என் மேஜை டிராயரில் இருந்தது, எழுந்து நாலடி வைத்தால் எடுத்திருக்கலாம். முற்றுப்புள்ளி எங்கே இருந்தது, எந்தப் பென்சில் அதை அடித்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் டைப்ரைட்டரில் தாளைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

“நான்தாங்க எழுதுனேன்” என்றார். அதையும் நானே டைப் அடித்தேன்.

நிரந்தரமாகாத ஆள் என்பதால் வேலையைவிட்டு எடுப்பதற்கு அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, போய்ட்டு வர்றேன் சார் என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தை அன்று சாயங்காலமே கிழித்துப் போட்டேன். அவருக்கு என்ன நடந்தது என்றே புரிந்திருக்காது, ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷமே மாற்றல் கேட்டுக் கீழே இறங்கிவிட்டேன். கீழே வந்த பிறகு யாருடைய எழுத்திலும் நான் பென்சில் வைக்கவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

எட்டொன்பது வருஷம் கழித்து ஒரு வேலையாக ஜமுனாமரத்தூர் போனபோது சந்தையில் அவரைப் பார்த்தேன். தன் நிலத்துச் சாமையைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அடையாளம் கண்டு, டீ வாங்கிவரச் சொல்லி ஆளனுப்பினார். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் நின்று, முதல் தடவையாக ‘நீங்க’ போட்டுப் பேசினேன். அந்தக் கடிதத்தில் தப்புப் பண்ணியது நான்தான், நீங்கள் எழுதியதை நான்தான் மாற்றிவிட்டேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

“தெரியும் சார். அவுரு தமிழ்ல சொன்னப்பவே தெரிஞ்சிது.”

“தெரிஞ்சிதான் நான் எழுதுனேன்னு சொன்னீங்களா?”

அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தார். “யார்கிட்டயும் சொல்லாதன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் உங்க மூஞ்சியவே பாத்துனு இருந்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு.”