பூனை முகர்ந்து பார்த்த சோப்பு

அந்தத் தெருவில் எல்லோரும் அவரைச் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில், நாத்தனாரோடு சேர்ந்து துணி சோப்பு காய்ச்சுகிறார். முன்னறையில் அடுப்பும் அண்டாவும். பின்னறையில் வெட்டிய கட்டிகள் அடுக்கடுக்காகக் காயும். வியாபாரத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு லாட்ஜ். அங்குள்ள படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் இந்தச் சோப்பில்தான் வெளுக்கும். லாட்ஜ் கைவிட்டால் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

சோப்புக்குப் பாமாயில் தோதானது. கட்டி நன்றாக இறுகும், விலையும் குறைவு. பல வருடமாக அவர் வேறெதையும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவன் தம்பி. கடல் தாண்டி ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறான். ஒரு நாள் வீடியோ அழைப்பில் அவன் முகமே தெரியவில்லை. திரை முழுக்கப் புகை.

"காட்டைக் கொளுத்துறாங்கக்கா. கீழ இருக்கிறதும் மக்கின இலைதழைதான், அதுவும் சேர்ந்து எரியுது. லேசுல அணையாது."

"நீ ஏன்டா அங்க நிக்கிற?"

"நீ ஏன் இந்த எண்ணெயை வாங்குற?"

இருமிக்கொண்டே சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிவிடுகிறேன் என்றார். அதற்கும் தம்பியே முட்டுக்கட்டை போட்டான். "அதே அளவு எண்ணெய்க்கு அதுக்குப் பல மடங்கு நிலம் வேணும்க்கா. எல்லாரும் மாறினா வேற எங்கயாவது காடு போகும்."

புது நிலமே கேட்காத எண்ணெய் ஒன்று பக்கத்துத் தெருவில் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது: வறுவல் கடைகளில் பொரித்துத் தீர்ந்த எண்ணெய். அதிலும் பாதி பாமாயில்தான். "வெட்டினது வெட்டியாச்சு. அதையே இன்னொரு தடவை வேலை வாங்குவோம்" என்றார்.

"பிடிச்சா பிடிதான் அண்ணி உங்களுக்கு" என்றாள் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்த நாத்தனார். "எங்க அண்ணன் எப்படித்தான் சமாளிக்கிறாரோ."

"உங்கண்ணனைக் காய்ச்சுறதைவிட இது சுலபம்."

எண்ணெயைத் துணியில் வடிகட்டி, கட்டி இறுகக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து, காஸ்டிக் சோடாவின் அளவையும் அதற்கேற்ப மாற்றிக் காய்ச்சினார்கள். கட்டி கல் மாதிரி வந்தது. இருவரும் மாற்றி மாற்றி முகர்ந்தார்கள். ஒரு வாசமும் இல்லை. லாட்ஜுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரமே லாட்ஜின் சலவைப் பொறுப்பாளர் வந்து நின்றார்.

"அக்கா, துண்டெல்லாம் மீன் வறுத்த வாசம். தங்க வந்தவர் ஒருத்தர், சமையல் எந்த மாடியிலன்னு கேக்குறாரு. எங்க பூனை என்னைக்கும் என்னை மதிச்சதில்ல. இப்ப சலவை அறையை விட்டு நகர மாட்டேங்குது."

அப்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க எண்ணெய் அண்டா பக்கத்தில் நிற்கும் இரண்டு மூக்குகளும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. அந்த மூக்குகளை நம்பி, அதே அறையில் நின்று முகர்ந்திருக்கிறார்கள்.

"மேனேஜர் பழைய சோப்பையே கேக்குறாரு. இல்லன்னா வேற ஆள் பாத்துக்குவாராம்."

"பேசாம பாமாயிலுக்கே போயிடலாம் அண்ணி" என்றாள் நாத்தனார் மெதுவாக.

"ஒரே ஒரு தடவை அண்ணே" என்றார் சோப்பக்கா, பொறுப்பாளரைப் பார்த்து. "இதுலயும் வாசம் வந்தா நானே விலகிக்கிறேன்."

மறுபடி அடுப்பு. இந்த முறை எண்ணெயை உப்புத் தண்ணீரோடு கொதிக்கவிட்டுத் தெளியவைத்தார்கள். அடியில் இறங்கிய கலங்கல் தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்பவும் அதையே செய்தார்கள். காய்ச்சிய சோப்பிலும் உப்பைப் போட, சோப்பு மேலே திரண்டது, அழுக்கு கீழே போனது.

முகர்வதற்கு ஆள் தேடி, சோப்பக்கா பேருந்து நிறுத்தத்துக்கே போய்விட்டார்.

"என்னம்மா, மயக்க மருந்தா?" என்று ஒருவர் ஓரடி பின்வாங்கினார்.

"சோப்புங்க. சும்மா மோந்து பாருங்க."

"லேசா ஏதோ பொரிக்கிற வாசம்" என்றார் பையோடு நின்ற ஒரு பெண். சோப்பக்கா திரும்பிப் போய் அண்டா சோப்பு முழுவதையும் மறுபடி உருக்கி, மறுபடி உப்புப் போட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு அடுத்த கட்டியோடு வந்தபோது அதே பெண் முகத்தைச் சுளித்தார்.

"ஒண்ணுமே வரலையே. வாசமே இல்லாத சோப்பை யாரு வாங்குவா?"

அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, சோப்பக்கா நேராக லாட்ஜுக்கு நடந்தார்.

சலவைப் பொறுப்பாளர் தன் மூக்கையும் நம்பத் தயாராக இல்லை. புது சோப்பில் துவைத்து உலர்த்திய துண்டைத் தரையில் விரித்து, பூனையைத் தூக்கி வந்து விட்டார். பூனை ஓரத்தை முகர்ந்தது. நடுவில் ஒரு முறை முகர்ந்தது. பிறகு இருவரையும் ஏமாற்றுக்காரர்களைப் போலப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே போய்விட்டது.

"மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் பொறுப்பாளர்.

பழைய எண்ணெய் பிடிக்கக் காலி டின்னோடு வறுவல் கடைக்குப் போகும் வழியில் தம்பியை அழைத்தார். "இந்த மாசம் பாமாயில் டின் வாங்கலடா."

"நீ ஒருத்தி வாங்காததால இங்க என்னக்கா ஆகிடப்போகுது?"

"இன்னும் ரெண்டு வறுவல் கடையில எண்ணெய் கேட்டிருக்கேன். அப்பவும் பத்தலன்னா, காட்டை அழிக்காத தோட்டத்து எண்ணெய் சான்றிதழோட கிடைக்குமாமே, அது எங்க வருதுன்னு விசாரிச்சுச் சொல்லு."

"நான் வண்டி ஓட்டுறவன்க்கா."

"அப்ப வண்டியிலயே போய் விசாரி" என்று சொல்லிவிட்டு, வறுவல் கடையில் காலி டின்னை இறக்கி வைத்தார்.