எட்டுக் கிணற்றுத் தண்ணீர்

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் செய்த கருவி ஒரு டோர்ச் பற்றரியின் வயிற்றிலிருந்து வந்தது. பற்றரியை உடைத்து நடுவிலிருந்த கரிக்கோலை எடுத்தேன். தேய்த்து மினுக்கி, நுனியில் செப்பு ஒட்சைட்டின் நனோ துணிக்கைகளை ஒட்டவைத்தேன். பார்வைக்கு அடுப்புக்கரித் தூள்தான். ஆனால் ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் அதில் ஆயிரக்கணக்கானவற்றை அடுக்கலாம். கோலைத் தண்ணீரில் இறக்கி மின்னழுத்தத்தை மெல்ல மாற்றினால், நைத்திரேற்று இருக்கும் தண்ணீருக்குக் கணினித் திரையில் ஒரு கூர் எழும்பும். நைத்திரேற்று கூடக்கூடக் கூரும் உயரும். வட்டையில், அதாவது வயல்வெளியில், எறிகிற யூரியா உரம் நைத்திரேற்றாக மாறி வயலோரக் கிணறுகளுக்குள் இறங்குகிறதா என்று இதை வைத்துப் பார்ப்பதுதான் திட்டம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நைத்திரேற்று என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் பாடுபட்டேன். கடைசியில் அவர் சொன்னார்: "சரி மனே, உனக்குத் தண்ணி வேணும். அவ்வளவுதானே?"

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊரில் எட்டு வீட்டுக் கிணறுகளைத் தெரிவுசெய்தேன். கழுவிய போத்தல்களுக்கு இலக்கம் ஒட்டி வீடுவீடாகக் கொடுத்தேன். விடியற்காலையில், யாரும் கிணற்றைக் கலக்கும் முன், நிரப்ப வேண்டும். "நீ படு, நான் சேத்து வைக்கிறன்," என்றார் அம்மா. காலையில் எட்டுப் போத்தலும் பையில் தயாராக நின்றன.

ஆய்வுகூடத்தில் எட்டுக்கும் ஒரே கோடு. கூர் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படியான மேடு, எட்டிலும் ஒரே உயரம். அறிந்த செறிவில் கரைசல் கலந்து வைத்தால் மட்டும் அழகாக எழும்பியது.

"பரிசோதனைக் கரைசலில ஓடுது, கிணத்துத் தண்ணியில தூங்குது," என்றார் மேற்பார்வை செய்த விரிவுரையாளர். "வாவிப் பக்கத்து உப்பு உம்மட கரிக்கோல் மின்வாயைக் குழப்புது போல. இன்னொருக்கா எடுத்து வாரும். அதுவும் இப்பிடித்தான் எண்டா தலைப்பை மாத்த வேணும், தம்பி. ஒரு வருசம் போகும்."

ஒரு வருடம்! வீட்டில் எப்படிச் சொல்வது? கோலை மறுபடி தேய்த்தேன், தூளைப் புதிதாகச் சுட்டெடுத்தேன், அடுத்த வெள்ளிக்கிழமை போத்தல்களோடு ஊருக்குப் போனேன். அம்மா இந்தமுறையும் சேர்த்துவைத்தார்.

திங்கட்கிழமை வாவியைக் கடக்கும் பாதையில் ஏறினேன். எங்கள் பக்கம் அந்த மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். எதிர்க்கரையான எழுவான்கரைத் துறையில் இறங்கியதும் சோதனைச்சாவடி. வரிசையில் நின்ற என் பைக்குள் எட்டுப் போத்தலைக் கண்ட சிப்பாய் முகத்தைச் சுழித்தார்.

"என்ன இது?"

"தண்ணி, ஐயா. படிப்புக்கு."

யூரியா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெடிமருந்துக்கும் போகும் உரம்; யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அந்த இடத்தில் சொல்லக்கூடாத சொல், விழுங்கிவிட்டேன்.

"தண்ணிக்கு என்ன படிப்பு? மல்லி, குடி. எல்லாம் குடி." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

முதலாம் போத்தலில் ஒரு மிடறு. இரண்டாம் போத்தலில் ஒரு மிடறு. பின்னால் நின்ற மீன்காரர், "தம்பி, பாத்துக் குடி, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை," என்றார். நாலாவதில் நின்றுவிட்டேன். நாலாம் இலக்கம் எங்கள் வீட்டுக் கிணறு. பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர், இலேசாக உப்புச் சவர்க்கும். இது சவர்க்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று மளமளவென்று குடித்தேன். நைத்திரேற்றுக்குச் சுவையில்லை, ஆனால் கிணற்றுக்குக் கிணறு சுவையுண்டு. எட்டும் ஒரே இனிப்பு. ஊரில் இனிப்புத் தண்ணீருக்குப் பேர்போன ஒரே கிணறு, பிள்ளையார் கோயில் கிணறு!

"என்ன மல்லி, கூடாத தண்ணியா?"

"நல்ல தண்ணிதான் ஐயா. அதுதான் பிரச்சினை."

அதே பாதையில் திரும்பினேன். என்னைக் கண்ட அம்மா முதலில் பயந்தார். விசயத்தைக் கேட்டதும் கோபப்பட்டார்.

"பின்ன? கம்பசுக்கு நம்மட சவர்த்தண்ணிய அனுப்புறதா? வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாலே கோயில் தண்ணிதானே குடுக்கிற. பெரிய ஆக்கள் பாக்கிற தண்ணி!"

"நீங்க செய்த வேலையாம்மா?"

"நான் மட்டுமா? எட்டு வீடும் சேந்துதான்."

மறுநாள் விடிய நானே வாளி இறக்கினேன். ஒவ்வொரு வேலியிலும் ஒரு நக்கல். "மச்சான், நம்மட தண்ணி பாசாகாட்டி நீதான் கிணறு வெட்டித் தரணும்," என்றாள் மாமி மகள்.

அன்று மாலை ஆய்வுகூடத்தில் மின்சாரம் நிற்கும் முன் எட்டையும் ஓட்டி முடித்தேன். எட்டுக் கூர், எட்டு உயரம். விரிவுரையாளர் திரைக்குக் கிட்ட வந்தார். கரிக்கோல் தூங்கவேயில்லை, முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. "தலைப்பு மாத்தத் தேவையில்ல," என்றார். பிறகு, "ஏழு கிணறு பரவாயில்ல. இந்த நாலாம் நம்பர் ஆருட கிணறு? குழந்தைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணி கூடாது."

"எங்கட, சேர்."

வார இறுதியில் அம்மாவிடம் சொன்னேன். "எட்டுக்குள்ளயும் நம்மட கிணறுதான் உசரம்."

அவர் முகம் மலர்ந்தது. "முதலாம் இடமா!"

உயரம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். இந்தமுறை பின்னேரம் முழுக்கத் தேவைப்படவில்லை. அக்காவின் கைக்குழந்தை பக்கத்தில் தொட்டிலில் கிடந்தது. அம்மா எழும்பிக் குடத்தை எடுத்தார்.

"அத எழுதிப்போட்டியா?"

"ஓம்."

"பேரோடயா?"

"இல்ல. நாலாம் நம்பர் எண்டுதான்."

"அப்ப சரி."

அம்மாவோடு போன கோயில் கிணற்றடியில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏழு கிணறு பாஸ், நாலாம் நம்பர் மட்டும் பிழை என்றேன். நாலாம் நம்பர் யாருடையது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எல்லோரிலும் சத்தமாகக் கேட்டவர் அம்மா.