பரமக்குடியில் திரும்பிய பேருந்து

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ஒரகடம் சிக்னலில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் கல்லூரிப் பேருந்து மாட்டிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், "விலங்கியல் துறை ஜெயசீலி மேடம் நேற்று மாலை மாரடைப்பால் காலமானார்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். சிக்னல் இன்னும் பச்சைக்கு மாறவில்லை, அதற்குள் கைகளுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இன்டர்னல் மார்க் ஏத்த இன்னைக்குதானே கடைசி நாள்?" மூன்று பேர் அவருக்கு உடனே பதிலும் சொல்லியிருந்தார்கள். கைப்பேசியை ஜன்னல் வழியாக வீசி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. மார்க்கை நானும் அன்றே ஏற்றினேன்.

ஜெயசீலி விலங்கியல், நான் வணிகவியல். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் ஒட்டிக் கிடந்தன என்பதைத் தவிர எங்களுக்குள் பொருத்தம் எதுவும் கிடையாது. அவர் குன்றத்தூர்க்காரர், நிதானமாகப் பேசுவார். நான் மணிமங்கலம், வாயைத் திறந்தால் சண்டை. விலங்கியல் துறையில் வேறு பெண் ஆசிரியர் இல்லாததால், ஒவ்வொரு தை மாதமும் அவர் மூன்றாம் ஆண்டு மாணவிகளைக் களப்பயணம் அழைத்துப் போகும்போது துணைக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு வருடம் வால்பாறை மழைக்காடு, மறு வருடம் மண்டபம் பவளப்பாறை. எனக்குக் காடும் பிடிக்காது, படகும் ஆகாது. இருந்தும் ஒன்பது முறை போனேன்.

போவதைவிடப் போகச் சம்மதம் வாங்குவதுதான் பெரிய வேலை. மூன்று நாள் வெளியூர் என்றால் அப்பா கையெழுத்து வேண்டும். எங்கள் மாணவிகளின் அப்பாக்கள் பாதிப் பேர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்குவார்கள். ஆகவே ஜெயசீலி கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய்விடுவார். மதியம் இரண்டரைக்கு முதல் ஷிஃப்ட் முடிந்து பேருந்துகள் வந்து நிற்கும். அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டே இறங்குகிறவர்களில் யார் யாருடைய அப்பா என்பது அவருக்குத் தெரியும். படிவமும் பேனாவும் எழுத ஒரு அட்டையும் கையில் தயாராக இருக்கும்.

பிள்ளைப்பாக்கத்துக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் வாதாடியது நினைவிருக்கிறது. "இன்னா மேடம், கடலாண்ட போயி இன்னாத்தப் படிக்கப் போவுது? நாளைக்கு இதே கம்பெனில லைன்ல நிக்கப் போற பொண்ணு."

"கம்பெனிக்கு ஆயுசு பூரா போவா. இது மூணே நாள்" என்றார் ஜெயசீலி. "நீங்க ஓடி முடிச்சு வந்துட்டீங்க இல்ல? உங்க பொண்ணு ஒரு தபா சும்மா நின்னு பாக்கட்டும்."

அவர் சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டார். அவருடைய மகள் கோமதி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வால்பாறையில் ஜெயசீலியின் பாடம் மிக எளிது. இரண்டு பேருக்கு ஒரு மரம், ஒரு மணி நேரம். மரத்தடியில் உட்கார்ந்து அதில் நடப்பதை எல்லாம் எழுத வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் "மேடம், ஒண்ணுமே இல்ல மேடம்" என்பார்கள். "இல்லன்னு எழுதாத. தெரியலன்னு எழுது" என்பார். அரை மணி ஆனதும் சத்தம் அடங்கிவிடும். பிறகு எழுந்து வரச் சொன்னாலும் வர மாட்டார்கள். ஒருத்தி பூச்சியைக் காட்டிப் பெயர் கேட்டால் சொல்ல மாட்டார். "பேரு எங்கியும் ஓடாது, புஸ்தகத்துல கீது. அது இன்னா பண்ணுதுன்னு மொதல்ல பாரு." காலில் ஏறிய அட்டைகளை உதறிக்கொண்டு நான் மட்டும் பேருந்துக்குள் உட்கார்ந்து தேர்வுத் தாள் திருத்துவேன். "வசந்தி, உன் ரத்தம் குடிச்ச அட்டைக்கு பி.காம். பட்டமே குடுத்துடலாம்" என்று கேலி செய்வார்.

இப்போது கோமதி விஷயம். அது மண்டபத்துக்குப் போயிருந்த வருடம் நடந்தது. கண்ணாடி பதித்த படகில் போய்ப் பவளப்பாறையைப் பார்த்தோம். "கல்லா மேடம், செடியா மேடம்?" என்று பெண்கள் கேட்டார்கள். "ரெண்டும் இல்ல. எல்லாமே உசுரு. ஆயிரக்கணக்குல ஒண்ணா சேந்து கட்டின வூடு" என்றார். மறுநாள் காலை கடல் உள்வாங்கிய நேரத்தில், வழிகாட்டியோடு முழங்கால் தண்ணீரில் நின்று கரையோரத் திட்டு ஒன்றைப் பார்த்தார்கள். எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது என்று படகில் ஏறும் முன்பே மூன்று முறை சொல்லியிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பரமக்குடி தாண்டும்போது பின் இருக்கைக்குக் கீழே தண்ணீர் ஓடியது. மீன் சந்தை வாடை. கோமதியின் டிபன் பாக்ஸுக்குள் கடல்நீரும் ஈரக் கைக்குட்டையும், அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு பவளத் துண்டும் இருந்தன. உடைந்து கிடந்ததை எடுத்திருக்கிறாள். தனக்காக எடுக்கவில்லை. எங்கள் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. சங்கு, நட்சத்திர மீன், பாட்டிலில் ஊறும் பாம்பு எல்லாவற்றின் மீதும் "முன்னாள் மாணவியர் அன்பளிப்பு" என்று சீட்டு ஒட்டியிருக்கும். தங்கள் வகுப்பின் பெயரிலும் ஒரு சீட்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். எடுக்கக் கூடாது என்று மேடம் சொன்னது வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு என்றும், காலேஜுக்கு எடுத்தால் தப்பில்லை என்றும் நினைத்துவிட்டாள். மூன்று வருடமாக அந்த அலமாரியைப் பார்த்தே படித்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

ஜெயசீலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "வசந்தி, திரும்பிப் போயிடலாமா?"

"பைத்தியமா உனக்கு? ஜன்னலைத் தொறந்து வெளிய போடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"அது இன்னும் சாவல" என்றார். பிறகு ஓட்டுநரிடம் போய் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

திரும்பிப் போனோம். வனக்காவலரிடம் ஜெயசீலி நடந்ததைச் சொன்னார். டிபன் பாக்ஸ் யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை, தன் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காவலர் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, திட்டில் ஓர் இடுக்கில் பொருத்தி வைத்தார். பெண்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்தார்கள். பிழைக்குமா என்று கோமதி கேட்டாள். தெரியாது என்றார் ஜெயசீலி.

ஓட்டுநர் வழியில் ஓய்வெடுத்துத்தான் ஓட்டினார். மறுநாள் காலை முதல் ஷிஃப்ட் பேருந்துகளோடு சேர்ந்துதான் நாங்களும் ஒரகடம் வந்தோம். கல்லூரி வாசலில் பெற்றோர்கள் கூடியிருந்தார்கள். தாமதமாகும் என்று எல்லா வீட்டுக்கும் ஜெயசீலி போன் செய்திருந்தார் என்பதை யாரும் பேசவில்லை. நிர்வாகம் விசாரணை வைத்தது. என்னிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எனக்கு அப்போது பதவி உயர்வுக் கோப்பு தாளாளர் மேசையில் இருந்தது. "பேருந்தைத் திருப்பும் முடிவில் என்னைக் கலந்தாலோசிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இதைப் படிக்கிற சக ஆசிரியர்களே, உங்களுக்கு இப்போது தெரியும், அது பச்சைப் பொய்.

அந்தக் கடிதத்தின் நகல் ஜெயசீலிக்கும் போனது. படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "கேட்டேனேப்பா. நீ தூங்கக்கூட இல்லையே" என்றார். அவ்வளவுதான். அன்று மதியம் வழக்கம் போலத் தன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மனம் ஆறியிருப்பேன். அவர் கத்தவில்லை. என் கடிதத்தைக் காரணம் காட்டி, "உடன் சென்ற ஆசிரியரின் சம்மதமின்றி" என்று எழுதி, களப்பயணத்தை நிறுத்தினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

நிறுத்தியதற்குப் பதிலாக என்ன வந்தது தெரியுமா? தொழிற்சாலை பார்வையிடல். விலங்கியல் மாணவிகளை, தினமும் ஜன்னலிலிருந்து பார்க்கும் அதே சாலையில் பத்து நிமிடம் கூட்டிப்போய், பச்சை மேலங்கி மாட்டி, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் நடக்க வைத்தார்கள். ஒருத்தியின் அப்பா அங்கே லைனில் நின்றுகொண்டிருந்தார். மகள் அவரைத் தாண்டிப் போனாள். வேலை நேரத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் அவர் திரும்பவில்லை.

ஜெயசீலி அங்கேயும் தன் பாடத்தை விடவில்லை. "இந்தக் கூரைக்குக் கீழ மனுஷனைத் தவிர வேற யாரு கீறாங்கன்னு எழுதுங்க" என்று மாணவிகளிடம் சொல்லிவிட்டார். அவர்கள் எழுதினார்கள்: இரும்புச் சட்டத்தின் மேல் சிட்டுக்குருவிக் கூடு, விளக்கடியில் பல்லி மூன்று, பெட்டிகள் அடுக்கிய மூலையில் எலிப் புழுக்கை, குளவிக்கூடு. அறிக்கை கம்பெனிக்கும் ஒரு பிரதி போனது. தங்கள் சுகாதாரத்தைப் பற்றி மாணவிகள் புகார் எழுதியிருப்பதாக நினைத்து, இனி இந்தத் துறையை அனுப்ப வேண்டாம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, "இதுங்களாவது எதையோ பாத்துச்சுங்க" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் களப்பயணத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். ஒவ்வொரு ஆண்டும் "பாதுகாப்புக் காரணங்களால் இயலாது" என்று திரும்பி வந்தது. நான் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன். நான்கு வகுப்புப் பெண்கள் காட்டையும் கடலையும் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போனார்கள். அதற்கு நிர்வாகம் மட்டும் காரணமில்லை.

இரங்கல் கூட்டத்தில் திரையில் ஒரு படம் போட்டார்கள். கண்ணாடிப் படகில் ஜெயசீலியும் மாணவிகளும் குனிந்து பார்க்கும் படம். அதே படம்தான் இன்றைக்கும் எங்கள் கல்லூரியின் சேர்க்கைத் துண்டுப் பிரசுரத்தில் முன்பக்கத்தில் இருக்கிறது. பயணத்தை நிறுத்தியவர்களுக்குப் படத்தை நிறுத்த மனம் வரவில்லை. தாளாளர் பேசினார். "நம் பிள்ளைகளைக் காட்டுக்கும் கடலுக்கும் கொண்டுசென்ற மகத்தான ஆசிரியை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கம்பெனிச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். "சார், அந்த டிபன் பாக்ஸ் என்னுது. மேடம் கடைசி வரைக்கும் என் பேர யார்கிட்டயும் சொல்லல. நான்தான் எடுத்தேன். அவங்க திருப்பிக் குடுக்கத்தான் போனாங்க" என்றாள் கோமதி. முழுதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன். "என்னைக் கேட்டுவிட்டுத்தான் பேருந்தைத் திருப்பினார். நான் எழுதிக் கொடுத்தது பொய்" என்றேன். தாளாளர், "மேடம், இது அதற்கான இடமில்லை" என்றார். "அப்படியானால் அவரைப் புகழவும் இது இடமில்லை சார்" என்றேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

ஜெயசீலியின் பொறுமையைப் பற்றி நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். எனக்கு அந்தப் பொறுமை வேண்டாம். அது அவரோடு போகட்டும். நம்மைப் போன்றவர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். நான் வைத்துக்கொள்வது வேறு: இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று யோசிக்காமல் ஓட்டுநரிடம் எழுந்து போனாரே, அந்த நடை. எனக்கு அது வர நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

கூட்டம் முடிந்த மறுநாள் பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். கூடவே, இந்தத் தை மாதம் மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவிகள் மண்டபம் போக அனுமதி கேட்டு விண்ணப்பமும் கொடுத்தேன். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் பேசிய பேச்சு தாளாளருக்கு இடைஞ்சலாகியிருக்க வேண்டும். இம்முறை மறுக்கவில்லை. "பெண் ஆசிரியர்கள் இருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் அனுமதிக்கலாம்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை நேரம். ஆசிரியர் அறையில் மேசை மேசையாகக் கேட்டுவிட்டேன். ஒருவருக்கு மாமியார், ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குப் பதவி உயர்வுக் கோப்பு.

முதல் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். குன்றத்தூர் தேவாலயத்தில் ஜெயசீலியின் சவப்பெட்டி மேல் மாலை வைக்க நம் கல்லூரியிலிருந்து மட்டும் முப்பது பெண் ஆசிரியர்கள் வந்திருந்தீர்கள். எனக்கு ஒருவர் போதும்.