கோட்டை நம்பும் வேட்டைக்காரர்

கிளாறுஸ் மலையில் பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. நிறுத்தத்துக்கு எதிரே துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுதிடல். நாளை வேட்டைக்காலம் தொடங்குகிறது. நான் தங்கிய விடுதியின் சமையல்காரர் குணம் அண்ணையும் துப்பாக்கியோடு நிற்கிறார். போன வருடம்தான் வேட்டைப் பரீட்சையில் தேறியவர். துப்பாக்கியின் மேல் பொருத்திய அவருடைய புதிய தொலைநோக்கியின் குறுக்குக்கோட்டுக்குக் கீழே, ஒவ்வொரு தூரத்துக்கும் ஒன்றாகச் சிறு கோடுகள். குண்டு எவ்வளவு தாழும் என்பதை அவையே பார்த்துக்கொள்ளுமாம்.

இருநூறு மீற்றரில் காகித மான். அந்தத் தூரத்துக்கான கோட்டை நெஞ்சில் வைத்துச் சுடுகிறார். துளை முதுகுக்கு மேலே விழுகிறது.

"காத்துப்போல," என்கிறார். ஒரு புல்லும் அசையவில்லை.

நான் ஒளியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். மூன்று கேள்வி கேட்கிறேன்: எந்தக் குண்டு, எத்தனை மீற்றருக்குச் சரிபார்த்தது, எத்தனை மடங்கு உருப்பெருக்கம். முதலிரண்டும் சரி. மூன்றாவதற்கு, நான்கு என்கிறார். கோடுகள் பன்னிரண்டில் மட்டுமே பொருந்தும் என்று தொலைநோக்கிக் கையேட்டின் முதல் பக்கமே சொல்கிறது. நான்கில் அதே கோடு மூன்று மடங்கு தாழ்வுக்குக் கணக்குப் போடும்; குண்டு மேலே போகும்.

"பெருப்பிச்சால் மான் தெரியேல்லை தங்கச்சி, மயிர்தான் தெரியுது."

"அப்ப கோட்டை விட்டிட்டுக் கிட்டப் போய்ச் சுடுங்கோ அண்ணை. நாளைக்கு நிக்கிறது கடதாசி இல்லை. முதுகு முறிஞ்சு காட்டுக்குள்ளை கிடக்கும்."

முகத்தைச் சுருக்கிக்கொண்டு உருப்பெருக்க வளையத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பிச் சுடுகிறார். நெஞ்சில் துளை.

"பாத்தீரோ, நல்ல சாமான்."

பேருந்தில் ஏறும்போது திரும்பிப் பார்க்கிறேன். வளையத்தை மறுபடி நான்குக்குக் கொண்டுவந்துவிட்டு, நாளைக்கு ஏறப்போகும் சரிவை வசதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.