தலையில் ஒரு ரூபாய்

செஞ்சியில் பெரியப்பா மகன், ரெக்கார்டு பிளேயரில் முள்ளோடு வரும் புது கார்ட்ரிட்ஜ் மாட்டி, குட்டித் தராசில் முள்ளின் அழுத்தத்தை எடைபோட்டு எடைபோட்டு அதைத் தாங்கும் டோன்ஆர்மைத் திருகினான். முள்ளை இறக்கியதும் கரகரவென்று ஒரே இரைச்சல். எனக்குப் பெரியப்பாவின் சவுண்டு சர்வீஸ் கடை ஞாபகம் வந்தது. சூடேறிய ஆம்ப்ளிஃபயரில் தூசி கருகும் நாற்றம்கூட வந்தது.

கல்யாண வீட்டில் எந்த முள்ளை மாட்டினாலும் பெரியப்பாவுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். முள் தாவாமல் இருக்க, டோன்ஆர்ம் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை மெழுகு வைத்து ஒட்டிவிடுவார். முள் தாவாது, இசைத்தட்டை உழுதுவிடும்.

"இன்னாண்ணே, பாட்டே கேக்கல?" என்பார் என் நைனா.

"பாடறவனுக்குத் தொண்ட சரியில்லடா" என்பார் பெரியப்பா, கொஞ்சமும் கூசாமல்.

அவர் உழுதுபோட்ட அதே தட்டுதான் இப்போது சுற்றுகிறது.

"இந்த கார்ட்ரிட்ஜும் சரியில்லண்ணா, வேற வாங்கணும்" என்றான் பெரியப்பா மகன்.

"பாடறவன மாத்திப் பாருடா" என்றேன்.