கொலுவுக்கு வந்த அணு உலை

காலை ஏழு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். திருச்சி நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஸ்ரீரங்கத்தில் என் தங்கை ரங்கநாயகி வீட்டு நவராத்திரிக் கொலுவைப் பார்க்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் போனது அவள் மகள் கோதைக்காக.

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கோதைக்குக் குஜராத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. தில்லை நகர் ஸ்ரீராமோடு கல்யாணப் பேச்சும் முடிகிற நிலை. இருவருக்கும் பரம சம்மதம். பையனின் அம்மா பத்மா மாமி மட்டும் ‘அணு’ என்ற சொல்லைக் கேட்டதும் தயங்கிவிட்டார். அன்று மாலை கொலுவுக்கு வந்து முடிவைச் சொல்வதாக ஏற்பாடு.

பத்து மணி சுமாருக்குத் திருச்சி பஞ்சப்பூர் பஸ் நிலையத்தில் இறங்கினேன். ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ முந்நூற்றைம்பது ரூபாய். எடமலைப்பட்டி புதூர் தாண்டுவதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. கொலுவில் தங்கை மகள் அணு உலை வைத்திருக்கிறாளாம் என்றேன்.

“அணுன்னா குண்டுதானே சார்? வீட்டுக்குள்ளயா வச்சிருக்காங்க?” ஓட்டுநர் வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

“பொம்மை உலைப்பா. கரண்டு எடுக்கிறது. அணுவைப் பிளந்தா சூடு வரும், அந்தச் சூட்டுல தண்ணி கொதிக்கும், ஆவி டர்பைனைச் சுத்தும்.”

“அட, கடைசில பாய்லர்தானா? அதைச் சொல்லுங்க! பாய்லர்னா எங்க ஊருதான் சார், பெல் பாக்டரியில செய்றதே அதானே.”

மதுரைக்காரன் நான், இன்னொரு ஊரின் பெருமையைச் சுலபத்தில் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. ஆனால் காவிரிப் பாலத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போவதையும் அதற்கு அப்பால் ராஜகோபுரத்தையும் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

கொலுப் படிகளுக்குக் கீழே வழக்கமாக மணல் பரப்பிப் பார்க் வைப்பார்கள். கோதை அங்கே இரண்டு உலைகளை வைத்திருந்தாள். இடதுபுறம் ஓர் எவர்சில்வர் தூக்கு, அதன் தெர்மோகோல் மூடியில் செருகிய ஊதுபத்திகள். வாசலில் செட்டியார் பொம்மை மேலாளராக உட்கார்ந்திருந்தார். வலதுபுறம் உளுந்து வடை வடிவத்தில் ஒரு வளையம், உள்ளே ரோஸ் நிறச் சீரியல் விளக்கு.

“இது பிளவு மாமா,” என்று தூக்கைக் காட்டினாள். “யுரேனியக் கருவை ஒரு நியூட்ரான் மோதினா அது ரெண்டாப் பிளக்கும். சூடு வரும். கூடவே ரெண்டு மூணு நியூட்ரான் தெறிச்சுப் போய் அடுத்த கருவைப் பிளக்கும். அது எல்லை மீறாம இருக்க நியூட்ரானை விழுங்கற தண்டுகள் வேணும். இந்த ஊதுபத்திதான் தண்டு.”

மாலை ஆறு மணி. விளக்கேற்றும் நேரம். கூடத்தில் கமகமவென்று சந்தன வாசனை. கோதை தூக்கைப் பார்த்து அலறினாள்.

“அம்மா! தண்டெல்லாம் எங்கே?”

“பெருமாளுக்கு ஏத்திட்டேன்டி. ஊதுபத்தியைச் செருகி வச்சா ஏத்தத்தானே வேணும்?” என்றாள் ரங்கநாயகி.

“உலையைக் கட்டுப்படுத்தறதையே கொளுத்திட்டியே!”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பத்மா மாமி அதைக் கேட்டபடியே உள்ளே வந்தார். “எதைக் கொளுத்தினா?” என்றார். ஏதாவது சொல்லிச் சமாளியேன் என்று கோதைக்கு ஜாடை காட்டினேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை.

“அணு உலையோட தண்டுகளை மாமி. நிஜத்துல அதை இப்படி எடுத்தா ஆபத்துதான். அதனாலதான் தானே விழுந்து நிறுத்தற மாதிரி வச்சிருப்பா. கழிவையும் பல தலைமுறைக்குக் காபந்து பண்ணணும். பொய் சொல்ல மாட்டேன்.”

“நீ போகப்போறது இதுக்குத்தானா?”

“இல்லை, இதுக்கு.” வளையத்தைத் தொட்டாள். “இது இணைவு. ஹைட்ரஜன் வகைக் கரு ரெண்டைச் சேர்த்து ஹீலியமா ஆக்கறது. சூரியனுக்குள்ளே நடக்கறது இந்த மாதிரிதான். பத்து கோடி டிகிரிக்கு மேல சூடு வேணும், எந்தப் பாத்திரமும் தாங்காது. காந்தத்தால சுவர்ல படாம அந்தரத்துல நிறுத்தணும். கொஞ்சம் பிசகினாலும் தானே அணைஞ்சுடும். அணையாம வச்சுக்கறதுதான் கஷ்டம்.”

“இதுல கரண்டு வந்தாச்சா?”

“ஊருக்குக் குடுக்கற அளவுக்கு இன்னும் இல்லை.”

“உன் காலத்துல வருமா?”

“தெரியாது மாமி. வந்தா, அதுல என் கையும் இருக்கும்.”

மாமி வளையத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ரங்கநாயகி சுண்டல் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். எனக்கோ அந்தச் சம்பந்தம் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. அவ்வளவு பெருமையாக இருந்தது.

மாமி எழுந்து கோதையின் நெற்றியில் குங்குமம் இட்டார். “ரங்கநாயகி, தை மாசம் முகூர்த்தம் பார்த்துடு. ஸ்ரீராம் குஜராத்துல வேலை தேடிக்கட்டும். எங்காத்து மாட்டுப்பொண் சூரியனைப் பண்றான்னு நாலு பேர்கிட்ட நான் சொல்லிக்க வேண்டாமா?”

மறுநாள் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மரியாதைக்கு, “எங்க போயிட்டு வரீங்க?” என்றார். பிளவில் ஆரம்பித்த நான் துவரங்குறிச்சி தாண்டியும் இணைவை விடவில்லை. பாவம், மனிதர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். மேலூரில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் படி வரை போய்த் திரும்பினார்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்னீங்க?”

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.